புளியரை நாட்குறிப்பு: மேற்கே அரிசி, கிழக்கே கழிவு

2025 ஜூலை 14, திங்கள்

குற்றவியல் முதுகலையின் மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டதால் ஆய்வேட்டின் தலைப்பை விரைவில் கொடுத்தாக வேண்டும். தோழியர் இருவர் இணையக் குற்றங்களை எடுத்துக்கொண்டார்கள்; இணையக் குற்றவியல் என்ற துறைக்கு 2007 வாக்கில் பெயர் சூட்டிய கே. ஜெய்சங்கர் எங்கள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எனக்கோ செங்கோட்டையிலிருந்து ரயிலில் வந்து போகும்போதெல்லாம் கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச் சாவடிதான் நினைவில் நிற்கிறது. அந்தச் சாலை வழியாக ரேஷன் அரிசி மேற்கே கேரளத்துக்குக் கடத்தப்படுகிறது. கோழிக்கழிவும் மருத்துவமனைக் கழிவும் கிழக்கே வருகின்றன. இரண்டையும் ஒரே ஆய்வில் அருகருகே வைக்க முடியுமா என்று வழிகாட்டி ஐயாவிடம் கேட்டேன். முதலில் சட்டத்தைப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

நூலகத்தில் முழு நாளும் சட்டப் பிரிவுகளோடு கழிந்தது. தமிழ்நாட்டில் 2011 முதல் விலையின்றி வழங்கப்படும் அரிசியைக் கடத்துகிறவர் மீது 1955-ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் பாய்கிறது. அதன் 7-ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறைக்கு இடமளிக்கிறது. கழிவைக் கொட்டுகிறவருக்கு என்ன தண்டனை என்று தேடினால் கணக்கு வேறாக இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்ததை, பல சட்டங்களில் சிறைத் தண்டனையை நீக்கி அபராதமாக்க 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம் மாற்றிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் பத்தாயிரம் ரூபாயிலிருந்து பதினைந்து இலட்சம் வரை அபராதத் தொகை மட்டுமே. அதைக் கட்டத் தவறினால்தான் சிறைப் பேச்சு வருகிறது. எஞ்சியிருப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 271-ஆம் பிரிவு, அதாவது நோய் பரவக் காரணமாகும் கவனக்குறைவு. அதற்கு அதிகபட்சம் ஆறு மாதம்.

அரிசி மூட்டைக்கு ஏழாண்டு, ஊசியும் இரத்தப் பஞ்சும் அடைத்த மூட்டைக்கு ஆறு மாதம்! கடத்தப்படும் அரிசி ஏழையின் பங்கு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீங்கின் அளவைப் பார்த்துத் தண்டனை வகுக்கப்படுகிறது என்று முதலாண்டில் பதினெட்டாம் நூற்றாண்டின் இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியாவின் பெயரைச் சொல்லி நாங்கள் எழுதிய விடைத்தாள்களை இங்கே வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. தொழில் நடத்துகிறவர்களின் குற்றம் குற்றமாகவே எண்ணப்படுவதில்லை என்று அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லாந்து 1939-இல் சொன்னதுதான் புளியரைக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

லாரி ஓட்டும் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். காய்கறி ஏற்றிக்கொண்டு கொல்லம் வரை போகிறவர். கழிவு எப்படி வருகிறது என்று கேட்டபோது, "வண்டி வெறுமனே திரும்புனா டீசலுக்கு யாரும்மா துட்டு தருவா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தான் அதைத் தொட்டதில்லை என்பதையும் அழுத்திச் சொன்னார்.

ஜூலை 26, சனி

மாமாவின் வரியை வைத்துக்கொண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கோஹன், ஃபெல்சன் இருவரும் 1979-இல் முன்வைத்த அன்றாடச் செயல்பாட்டுக் கோட்பாட்டைத் திரும்பப் படித்தேன். குற்றம் செய்யத் துணிந்தவர், ஏற்ற இலக்கு, காவலின்மை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேரும்போது குற்றம் நடக்கிறது என்கிறது அது. காவல் என்றதும் எல்லோரும் சாவடியையே சுட்டுகிறார்கள். மலைப்பாதையின் எஸ் வடிவ வளைவில் ஏறி இறங்கும் வண்டிகள் அனைத்தையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது என்பது இங்கே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். காவல் தொடங்க வேண்டிய இடம் கழிவு புறப்படும் வாசல். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கின்றன. பைகளில் பட்டைக்குறி (பார்கோடு) இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆகவே, எந்த மருத்துவமனையின் பை என்று கண்டுபிடிக்க வழி ஏற்கெனவே உண்டு.

எல்லையும் பழையதன்று. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது; ஊர் முகப்பு வளைவில் அந்தச் சமஸ்தானத்தின் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. அந்நாளில் புனலூருக்குப் போகும் அரிசி எல்லை கடந்த அரிசி ஆகியிருக்காது.

ஆகஸ்ட் 6, புதன்

கருத்தரங்கில் என் கட்டுரைக்கு நல்ல எதிர்ப்பு வந்தது. 2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் கேரளமே லாரிகளில் திரும்ப அள்ளிச் சென்றதை நான் எடுத்துக்காட்டியபோது, ஒரு மாணவர் எழுந்து, அதன் பின்னர் 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் குண்டர் தடுப்புச் சட்டத்தில் மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களையும் சேர்க்கும் திருத்தத்தை நிறைவேற்றிவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்டார். தடுப்புக் காவல் என்பது குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு வரும் தண்டனையன்று. விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கும் அதிகாரம். அது பெரும்பாலும் ஓட்டுநரையும் இடைத்தரகரையுமே பிடிக்கும் என்பது என் வாதம். ஒப்பந்தம் கொடுத்த மருத்துவமனை நிர்வாகம் குண்டர் பட்டியலில் ஏறுவதை நான் நம்பவில்லை. அந்த மாணவர் ஒப்புக்கொள்ளவில்லை, பயம் இருந்தால்தான் ஓட்டுநர் மறுப்பார் என்றார். மாமாவை நினைத்தால் அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஐயா தலைப்பைச் சுருக்கிவிட்டார். அரிசி ஒரு அத்தியாயத்தோடு நிற்கும். எஞ்சிய ஆய்வு முழுதும் பட்டைக்குறிப் பதிவேடுகளைப் பற்றியது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குத் தகவல் உரிமை விண்ணப்பம் அனுப்ப வேண்டும். புனலூரில் வாழ்க்கைப்பட்ட சித்தி அதை மலையாளத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கேள்விகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னாள்.