இடது இருக்கைக்கு வரும் வயது

என் அக்கா மகள் ஒரு விமான நிறுவனத்தில் கோ-பைலட்டாக இருக்கிறாள். வயது 26. மின்னணுப் பதிவு வந்துவிட்ட பிறகும், பறந்த ஒவ்வொரு பயணத்தையும் கெட்டி அட்டை போட்ட லாக் புத்தகத்தில் கையால் எழுதி வைப்பது அவள் வழக்கம். பொங்கலுக்கு வந்திருந்தபோது அதை என்னிடம் காட்டினாள். பயிற்சிப் பள்ளியில் செஸ்னா விமானத்தைத் தன்னந்தனியாக எடுத்துச் சென்ற நாட்களுக்குரிய தொடக்கப் பக்கங்களில், விமானத்துக்குப் பொறுப்பேற்ற விமானி என்ற கட்டத்தில் மணிக்கணக்கு வரிசையாக ஏறியிருக்கிறது. வேலையில் சேர்ந்த நாள் முதல் அந்தக் கட்டம் பக்கம் பக்கமாக வெறுமையாகக் கிடக்க, எல்லா மணிகளும் பக்கத்தில் உள்ள கோ-பைலட் கட்டத்துக்குப் போயிருக்கின்றன. இப்போது அவளுக்குக் கேப்டன் பதவிக்கான பயிற்சி அழைப்பு வந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான், ஆனாலும் "இந்த வயதிலா?" என்று கேட்காதவர் ஒருவரும் இல்லை.

அந்தக் கேள்வியை நானும் ஒருமுறை மனத்துக்குள் கேட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த விமானம், மீனம்பாக்கத்தின் ஓடுபாதை விளக்குகள் சன்னல் வழியே தெரியத் தொடங்கிய நேரத்தில், திடீரென மூக்கை உயர்த்தி மேகத்துக்குள் ஏறியது. சிறிது நேரம் கழித்து, காற்று நிலையாக இல்லாததால் மறுபடியும் முயலப்போவதாக ஒலிபெருக்கியில் ஓர் இளங்குரல் நிதானமாகச் சொன்னது. இருபது நிமிடங்களுக்குப் பிறகு பத்திரமாக இறங்கினோம். வெளியேறும்போது பார்த்தால், தோளில் கேப்டனுக்குரிய நான்கு பட்டைகளோடு நின்றவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மூன்று பட்டைகளோடு அருகில் நின்ற கோ-பைலட்டுக்குக் காதோரம் நரைத்திருந்தது. "சின்னப் பையன் கையில கொடுத்திருக்காங்க, அதான்" என்று எனக்கு முன்னால் சென்றவர் முணுமுணுத்தார். நான் மறுத்துப் பேசவில்லை. இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தியச் சட்டப்படி வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். கேப்டனாவதற்குத் தேவையான உயர்நிலை உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும். ஓராண்டில் 1,000 மணி நேரத்துக்கு மேல் ஒரு விமானி பறக்கக் கூடாது என்பதால், பத்தொன்பது இருபது வயதில் வேலைக்குச் சேர்பவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட முடியும். அதற்கு மேல் எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு என்பதை நிறுவனத்தின் தேவையே பெரிதும் முடிவு செய்கிறது. புதிய விமானங்கள் வரிசையாக வந்து சேரும் நிறுவனத்தில், கேப்டன் அமரும் இடது இருக்கை விரைவில் கிடைக்கிறது. வளராத நிறுவனத்தில் அதே திறமையுள்ளவர் பத்தாண்டுகள்கூட கோ-பைலட்டின் வலது இருக்கையில் காத்திருப்பார். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஒப்பந்தம் அறிவித்த நாட்டில் இளம் கேப்டன்கள் பெருகுவதில் வியப்பில்லை.

ஆனால் இது இன்றைக்குத் தொடங்கியதும் அல்ல. 1990 ஜனவரி 1 அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்துக்குக் கேப்டனாகப் பொறுப்பேற்றபோது நிவேதிதா பாசினுக்கு வயது 26. ஜெட் விமானத்துக்குத் தலைமையேற்றவர்களில் உலகிலேயே மிக இளைய பெண்ணாக அன்று அவர் அறியப்பட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண் ஓட்டுகிறாள் என்று பயணிகள் கலவரப்படக் கூடாது என்பதற்காக, சக ஊழியர்கள் தன்னை விரைந்து விமானி அறைக்குள் போய்விடச் சொன்னதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விஜயவாடாவில் வளர்ந்த ஆனி திவ்யா 17 வயதில் ரேபரேலி அருகேயுள்ள பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 19 வயதில் ஏர் இந்தியாவுக்கு வந்து, 30 வயதில் போயிங் 777 போன்ற பெரிய விமானத்துக்குத் தலைமையேற்றார்.

இவர்களை நம்பலாமா என்று வயதை வைத்து மட்டும் கேட்பவர்கள் மங்களூரை நினைத்துப் பார்க்க வேண்டும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். கேப்டனுக்கு வயது 55. பத்தாயிரம் மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். இறங்க வேண்டாம், மேலே ஏறிவிடலாம் என்று கோ-பைலட் மூன்று முறை சொன்னது விமானியறை ஒலிப்பதிவில் இருக்கிறது. 1977-இல் ஸ்பெயினுக்குரிய டெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தபோதும், அனுமதி கிடைக்கும் முன்பே விமானத்தைக் கிளப்பியவர் தன் நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். எதிர் விமானம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று பின்னாலிருந்து பொறியாளர் எழுப்பிய ஐயத்தை அவர் ஏற்கவில்லை. அனுபவம் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அருகிலிருப்பவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் அனுபவத்தோடு தானாக வந்துவிடுவதில்லை என்பதற்கு இந்த இரண்டும் போதும். விமானி அறையில் இளையவர் வாய் திறந்து பேசவும் மூத்தவர் அதைக் கேட்கவும் தனியாகப் பயிற்சி தர வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் வலுப்பெற்றதற்கு டெனெரீஃப் ஒரு முக்கியக் காரணம்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. விமானங்கள் வந்து நிற்கின்றன என்ற அவசரத்தில், வலது இருக்கையில் கழிய வேண்டிய மழைக்காலங்களையும் பனிக்காலங்களையும் குறைத்துவிடக் கூடாது. ஒரே ஆண்டில் சேர்க்கும் மணிகளும் நான்கு பருவமழைகளைக் கண்டு சேர்க்கும் மணிகளும் தாளில் ஒன்றாகத் தெரியலாம். சென்னையில் குறுக்குக் காற்றடிக்கும் கார்த்திகை இரவில் அவை ஒன்றல்ல. விமானி அறையைப் போலவே அமைத்த சிமுலேட்டர் கருவியில் தேர்வு, பயிற்சி கேப்டன் அருகிலிருக்கப் பறக்கும் பயணங்கள், பதவி வந்த பின்னும் புதிய கேப்டனோடு புதிய கோ-பைலட்டைச் சேர்த்து அனுப்பாத ஏற்பாடு ஆகியவற்றில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அந்த மழை நாள் பயணத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். "சரியாத்தான் செஞ்சிருக்கார், மாமா. இறங்கறது சரியா அமையலன்னா மேல ஏறிடணும். ஏன் ஏறினேன்னு கேட்டு எங்களைத் திட்ட மாட்டாங்க" என்றாள். நரைத்த கோ-பைலட்டைப் பற்றிக் கேட்டதற்கு, விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவராக இருக்கலாம் என்றும், அப்படிப்பட்டவர்களோடு பறக்கும்போது தான் நிறையக் கற்றுக்கொண்டதாகவும் சொன்னாள்.

அடுத்த மாதம் சிமுலேட்டர் பயிற்சிக்குப் புறப்படுகிறாள். இத்தனை ஆண்டுகள் வலது இருக்கையில் இருந்ததால் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களை இடக்கையால் இயக்கியே பழகிவிட்டதாம். இனி அவை வலக்கைப் பக்கம் வந்துவிடும். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இரண்டு கரண்டிகளை வலப்புறம் நிறுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி அவள் கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகிக்கொண்டிருந்ததை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.