பாவே காலத்து செபி
சி.பி. பாவேயை இப்ப எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்னு தெரியல. மகாராஷ்டிரா கேடர் ஐஏஎஸ், பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபிக்கு சட்ட அதிகாரம் கெடச்ச 1992ல அதுக்குள்ள வந்தவர், அதே வருஷம்தான் புரோக்கர் ஹர்ஷத் மேத்தாவோட பங்குச்சந்தை மோசடி விவகாரமும் வெடிச்சுது. 1996ல ஐஏஎஸ்ஸையே உதறிட்டு ஷேர்களை எலக்ட்ரானிக் கணக்குல வச்சுக்கிற என்எஸ்டிஎல் நிறுவனத்தை ஆரம்பிக்கப் போயிட்டார்.

எங்க சித்தப்பா அப்ப மும்பை ஃபோர்ட்ல ஒரு புரோக்கர் ஆபீஸ்ல இருந்தார், நாள் பூரா ஷேர் சர்ட்டிஃபிகேட்டோட டிரான்ஸ்ஃபர் டீட் பின் அடிச்சு, ஸ்டாம்ப் ஒட்டி கம்பெனிக்கு அனுப்பணும், மாசக்கணக்குல காத்திருந்தா கையெழுத்து ஒத்துப்போகலன்னு பேட் டெலிவரியா திரும்பி வரும், செம்பூர் வீட்டுக்கு வந்தும் அதே புலம்பல்தான். பேப்பர் இல்லாம கணக்குலயே ஷேர் இருக்கிற டீமேட் வந்ததும் அந்த வேலையே காணாமப் போச்சு (சித்தப்பாவுக்கு அதுலயும் கோவம்!).

2008ல பாவே செபிக்கே சேர்மனா திரும்பினார். ஐபிஓவுக்கு, அதாவது கம்பெனியோட முதல் பங்கு வெளியீட்டுக்கு, விண்ணப்பிக்கிற பணம் நம்ம பேங்க் அக்கவுண்ட்லயே ப்ளாக் ஆகி நிக்கிற அஸ்பா அந்த வருஷம் வந்ததுதான். 2009 ஆகஸ்ட்ல மியூச்சுவல் ஃபண்ட்ல ஏஜென்ட் கமிஷனுக்காகப் பிடிச்ச என்ட்ரி லோடுங்கற நுழைவுக் கட்டணத்தைத் தூக்கினாங்க, அதுவரை லட்ச ரூபா போட்டா 2,250 வரைக்கும் எடுத்துட்டுத்தான் மிச்சத்தை முதலீடே பண்ணுவாங்க. ஏஜென்ட்டுங்க வயித்தெரிச்சல் வேற விஷயம், எனக்கு அது சரியான முடிவுதான். 2010ல இன்ஷூரன்ஸும் முதலீடும் கலந்த யூலிப்ல கைவச்சு 14 இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தடை போட்டப்பதான் சிக்கல், கவர்மெண்ட் அவசரச் சட்டம் போட்டு இன்ஷூரன்ஸைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏ பக்கம் சாஞ்சிடுச்சு.

2011 பிப்ரவரியோட மூணு வருஷம் முடிஞ்சுது, எக்ஸ்டென்ஷன் இல்ல. அடுத்து வந்த யு.கே. சின்கா ஆறு வருஷம் இருந்தார்.

பீரோல இன்னும் பழைய பேப்பர் ஷேர் வச்சிருக்கவங்க யாராவது இருக்கீங்களா?