கேமராவுக்கு இந்தப் பக்கம்

ஒன்பது வருடமாக மனிதர்களின் கண்ணுக்குள் படம் எடுத்து வருகிறேன். மதுரையில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் வேலை. வாரத்தில் மூன்று நாள் கேம்ப். உசிலம்பட்டி, மேலூர், செக்கானூரணி என்று எங்காவது ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, கேமராவை மேசையில் வைத்துவிட்டால் அன்றைக்கு அதுதான் எங்கள் அறை. சுகர் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து தாடையை வைப்பார்கள்.

"எனக்குத்தான் நல்லா தெரியுதே, எதுக்குப் போட்டோ?" என்று பாதிப் பேர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சுகர் விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கும்போது பார்வையில் ஒரு மாற்றமும் இருக்காது. படத்தில் மட்டும் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும், அப்புறம் மஞ்சள் திட்டுகள். பார்வை மங்கிய பிறகு வந்தால் காப்பாற்ற மிஞ்சுவது குறைவு.

மூன்று வருடத்துக்கு முன்பு இந்தப் படங்களைப் படிக்கும் மென்பொருள் எங்களிடம் வந்தது. படம் ஏறிய சில நொடியில் டாக்டரிடம் அனுப்ப வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடும். படம் தெளிவில்லை என்றால் அதையும் சொல்லும். இனி நாங்கள் எதற்கு என்று முதல் மாதம் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கியது மேலூர்ப் பக்கம் நடந்த ஒரு கேம்ப்.

அன்று காலையிலிருந்தே டாக்டரிடம் அனுப்பச் சொல்லி வந்த பதில்கள் வழக்கத்தைவிட அதிகம். ஊரில் சுகர் அதிகம் போல என்று நானும் எடுத்துக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் சீனியர் அக்கா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நாலாவது, ஐந்தாவது படத்தில் கை நின்றது. திரையில் விரலை வைத்தபடியே அடுத்த படத்துக்குப் போனார். விரலுக்குக் கீழே அதே இடத்தில் அதே கறுப்புப் பொட்டு. வலது கண், இடது கண் இரண்டிலும். "பன்னெண்டு பேருக்கும் ஒரே எடத்துல எப்படிம்மா நோய் வரும்? லென்ஸத் துடை" என்றார். துடைத்ததும் பொட்டு போய்விட்டது.

தூசிதான். மண்டபத்துக்கு வெளியே ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுப் படம் எடுத்தோம். ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டு வருத்தப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒவ்வொரு படமும் தனித்தனி. முந்தைய ஆளின் படம் இந்தப் படத்தைப் பார்க்கும்போது அதனிடம் இல்லை. அக்கா பார்த்தது வரிசையை. ரோட்டில் லாரி போனதும் அவருக்குத் தெரியும், லென்ஸ் என்று ஒரு பொருள் இருப்பதும் தெரியும்.

இப்படிப்பட்ட மென்பொருள் எப்படிப் படிக்கக் கற்றது என்று தேடியபோது ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் 54 கண் மருத்துவர்களைக் கொண்டு ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை மதிப்பிட வைத்தார்கள். ஒரே படத்துக்கு ஒரு டாக்டர் சொன்னதை இன்னொருவர் மறுப்பது சகஜம் என்பதால்தான் அத்தனை முறை. இந்தியாவிலிருந்து படம் கொடுத்த மூன்று மருத்துவமனைகளில் நம் ஊர் அரவிந்தும் ஒன்று. தாடையை வைத்து இமைக்காமல் உட்கார்ந்த யாரோ ஒரு பெரியவரின் கண்ணும், பெயர் இல்லாமல், அந்தப் பாடத்துக்குள் இருக்கிறது.

அப்புறம் 2018-ல் அதே நிறுவனத்தின் இன்னொரு ஆய்வு. விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து, அது ஆணின் கண்ணா பெண்ணின் கண்ணா என்று மென்பொருள் பெரும்பாலும் சரியாகச் சொன்னது. வயதைச் சராசரியாக 3.26 வருடப் பிழையில் கணித்தது. படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கண் டாக்டர்களால் சொல்ல முடியாது. நானும் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. ஆனால் அந்த வித்தியாசம் அங்கே இருக்கிறது. மென்பொருள் எங்களைவிட வேகமாகப் பார்க்கிறது என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிட முடியாது. நாங்கள் பார்க்கிற படத்தில் எங்கள் கண்ணுக்குப் படாத எதையோ அது பார்க்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு, அறுபதாவது கண்ணில், நான் கவனிக்காமல் விட்ட புள்ளிகளை அது காட்டிக்கொடுத்ததும் பல முறை நடந்திருக்கிறது. அந்த ஒவ்வொரு முறையும் நன்றியோடுதான் இருந்தேன்.

போன வருடம் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அப்பத்தா வந்தார். பூக்கட்டுகிறவர். உள்ளே நுழையும்போதே கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டார். நாற்காலியைக் கையால் தடவித்தான் உட்கார்ந்தார். "பார்வை எப்படி இருக்கு அப்பத்தா?" "நல்லாத்தான் தாயி இருக்கு. மொட்டு மொட்டா எடுத்துக் கட்டுறேனே." படம் எடுத்தேன். சுகர் பாதிப்பு இல்லை என்று பதில் வந்தது. அது சரியான பதில். அந்த மென்பொருளிடம் கேட்டிருந்தது சுகரைப் பற்றி மட்டும்தான். எனக்கு அந்தத் தோள் உறுத்தியது. டாக்டரிடம் கூட்டிப்போய் இடித்ததைச் சொன்னேன். சோதித்துவிட்டு க்ளாக்கோமா என்றார். அது பக்கப் பார்வையை முதலில் தின்னும். நடுப் பார்வை கடைசி வரை நிற்கும். நாள் முழுக்க விரல் நுனியையே பார்த்து வேலை செய்கிறவருக்குப் போனது தெரியவே இல்லை. போன பார்வை இனித் திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காக்கலாம்.

எங்கள் படிவத்தில் 'எப்படி நடந்து வந்தார்' என்று ஒரு கட்டம் கிடையாது. இப்போது ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறேன். டாக்டரும் அதைப் பார்க்கிறார்.

அப்பத்தாவுக்கு இரண்டு மருந்து, ஒன்று காலையும் மாலையும், மற்றது இரவில் மட்டும். இரண்டு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவருக்கு எழுத்துத் தெரியாது. லேபிளில் சூரியன், நிலா வரைந்து கொடுத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது பையிலிருந்து பாட்டில்களை எடுத்து வைத்தார். என் படங்கள் ஈரத்தில் அழிந்துபோயிருந்தன. இரவு மருந்தின் கழுத்தில் மட்டும், பூக்கட்டுகிற வாழை நார் இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. "கரண்டு போனாலும் கைக்குத் தெரியும்ல தாயி" என்றார்.