பீரியட் நின்ன பிறகு பேப் ஸ்மியர்: ரெண்டாவது தடவைதான் சரியா வந்துச்சு

எனக்கு 59 வயசு, தென்னாப்பிரிக்கால டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம், பீரியட் நின்னு 8 வருஷம் ஆச்சு. இங்க கவர்மென்ட் கிளினிக்ல 30 வயசுக்கு மேல 10 வருஷத்துக்கு ஒண்ணுன்னு மொத்தம் 3 பேப் ஸ்மியர் ஃப்ரீ, அதாவது கருப்பை வாய்ல செல் எடுத்து புத்துநோய்க்கான அறிகுறி இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட். ரெண்டு எடுத்துட்டேன், மூணாவதை மட்டும் தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், அதான் நின்னுபோச்சே இனிமே அங்க என்ன வரப்போகுதுன்னு நெனப்பு. ஆனா எப்பவோ ஒட்டின ஹெச்பிவி வைரஸ் சத்தமில்லாம கிடந்து 15, 20 வருஷம் கழிச்சுகூட கருப்பை வாய் புத்துநோயா மாறலாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

தைப்பூசக் காவடி முடிஞ்ச வாரம் போனேன். சிஸ்டர் ஸ்பெகுலத்தை, அதான் உள்ள விரிச்சுப் பார்க்கிற கருவியை, வச்சதும் அப்படி ஒரு எரிச்சல், காலு தன்னால இறுகிடுச்சு. ரெண்டு பிள்ளை பெத்தவங்கதானே ஆண்ட்டி, இதுக்குப் போயான்னு கேட்டாங்க, அந்த வார்த்தைதான் ரொம்ப வலிச்சுது. வீட்டுக்கு வந்து பார்த்தா உள்பாவாடைல ரத்தச் சொட்டு. அவ்ளோ பட்டும் சாம்பிள் போதலைன்னு ரிசல்ட் வந்துச்சு.

இனி அந்தப் பக்கமே போறதில்லன்னு ரெண்டு மாசம் இருந்தேன். நாத்தனார்தான் விடாம ஒரு லேடி டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க. அவங்க முதல்ல சொன்னதே உங்க மேல தப்பு இல்லம்மான்னுதான், எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஈஸ்ட்ரோஜன்கிற பெண் ஹார்மோன் கொறஞ்சா உள்தோல் மெலிஞ்சு காஞ்சுபோகுமாம், அதோட செல் எடுக்க வேண்டிய வளையம் வயசாக ஆக கருப்பை வாய்க்கு உள்ள ஏறிடுமாம், அதனால மேலோட்டமா தடவினா சரியான செல் சிக்காது. காஞ்ச செல்லே லேபுல கெட்ட செல் மாதிரி தெரியறதும் உண்டாம்.

மார்புப் புத்துநோய் வந்திருக்கான்னு கேட்டுட்டு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக் கொடுத்தாங்க. தினம் ராத்திரி உள்ள வைக்கணும், 3 வாரம் வச்சேன், டெஸ்டுக்கு 2 நாள் முன்னாடி நிறுத்திட்டேன். முதல் வாரம் ஒண்ணும் தெரியல, அப்புறம் பாத்ரூம் போகும்போது இருந்த எரிச்சலே போயிடுச்சு, அதையும் இத்தனை வருஷமா வயசுன்னு பொறுத்துட்டு இருந்திருக்கேன் பாருங்க.

ரெண்டாவது தடவை சின்ன சைஸ் ஸ்பெகுலம், வெந்நீர்ல காட்டி எடுத்தது, தண்ணி ஜெல் துளி. நீங்களே வச்சுக்கிறீங்களாம்மான்னு கேட்டாங்க, வச்சுக்கிட்டேன். இடுப்புக்குக் கீழ ரெண்டு கையையும் முஷ்டியா மடக்கி வைக்கச் சொன்னாங்க, அது நல்லா உதவுச்சு. மஸ்காரா பிரஷ் மாதிரி மெல்லிசா ஒண்ணை உள்ள விட்டு ஒரு சுத்து, எடுத்து சின்ன பாட்டில்ல இருந்த தண்ணி மருந்துல கலக்கினாங்க, முடிஞ்சுது. ஹெச்பிவியும் அதே பாட்டில்லயே பார்த்தாங்க, நெகட்டிவ். செல்லும் போதுமானதுன்னு வந்துச்சு.

ஸ்பெகுலமே ஆகாதவங்க ஹெச்பிவி டெஸ்டுக்கு பஞ்சுக் குச்சில தானே எடுத்துக் குடுக்கலாம், கிடைக்குமான்னு கேளுங்க. ஆனா நின்ன பிறகு ரத்தம் பட்டா ஸ்க்ரீனிங் தேதிக்கெல்லாம் காத்திருக்காம உடனே டாக்டரைப் பாருங்க.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு 66, ஒரு தடவைகூட எடுத்ததில்ல. வியாழக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன், சின்ன ஸ்பெகுலம் வேணும்னு கேக்க அவங்க கூச்சப்பட்டா நான் கேப்பேன்.