தகடு புடைத்தால் போல்ட்டில் கை வைக்காதீர்கள்

பெட்டி கர்டர் (எஃகுத் தகடுகளைப் பெட்டிபோல் இணைத்துச் செய்த பெரிய விட்டம்) விழுந்த இடங்களில் பெரும்பாலும் எஃகு அறுந்து விழவில்லை. அமுக்கத்தில் இருந்த தகடு நெளிந்துதான் விழுந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 12 மி.மீ. தகட்டில் 600 மி.மீ.க்கு ஒரு ஸ்டிஃப்னர் (தகட்டை விறைப்பாக்கும் பட்டை) இருந்தால், நெளிவு தொடங்கும் தகைவு, அதாவது பரப்பலகுக்கு விழும் விசை, சதுர மி.மீ.க்குச் சுமார் 296 நியூட்டன். அதே இடைவெளியில் 6 மி.மீ. தகடு போட்டால் 74தான். தடிமன் பாதியானால் நெளிவுத் தகைவு கால்வாசி. இதுவும் இரண்டு ஓரமும் பிடிமானத்தோடு இருந்தால்தான். ஓர் ஓரம் அந்தரத்தில் நின்றால், இந்தத் தகைவைக் கணக்கிடும் சூத்திரத்தில் 4 என்று போடும் கெழு (பெருக்கும் எண்) 0.43 ஆகிவிடும்.

மெல்போர்ன் வெஸ்ட் கேட் பாலத்தில் அந்த அந்தர ஓரம்தான் வினையானது. தூக்கும் எடையைக் குறைக்க, பெட்டியை நீளவாக்கில் இரண்டு பாதியாகத் தரையில் செய்து, தனித்தனியாக மேலே ஏற்றி இணைத்தார்கள். இணையும் வரை ஒவ்வொரு பாதியிலும் மேல்தகட்டின் உள்ளோரத்துக்குத் துணை கிடையாது. 10, 11ஆம் தூண்களுக்கு இடையே, 112 மீட்டர் நீளப் பாலக்கண்ணில், இரண்டு பாதிகளின் உயரம் 11.4 செ.மீ. பொருந்தவில்லை. உயர்ந்து நின்ற பாதியின் மேல் தலா 8 டன் கான்கிரீட் கட்டிகளை அடுக்கி அழுத்தினார்கள். நடுப்பகுதியில் மேல்தகடு ஏற்கெனவே அமுக்கத்தில் இருப்பது. கூடுதல் பாரத்தில், தகடுகளைக் குறுக்கே போல்ட்டால் இணைத்த இடத்துக்குப் பக்கத்தில் புடைத்துக்கொண்டது.

1970 அக்டோபர் 15 காலை, புடைப்பைத் தட்டையாக்க அந்தக் குறுக்கு இணைப்பின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்கள். 30க்கும் மேல் கழற்றிவிட்டார்கள். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின, மிச்சமிருந்த போல்ட்டுகள் துளைக்குள் இறுகிச் சிக்கிக்கொண்டன. கழன்ற இடத்தின் விசை பக்கத்துத் தகட்டுக்குத் தாவியது, அதுவும் நெளிந்தது. 11:50க்குக் கண் முழுதும் கீழே. 35 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

உயரம் பொருந்தாவிட்டால் பாதியைத் தரைக்கு இறக்கிச் சரிசெய்வதே முறை. நாளும் செலவும் கூடும்தான். மேலேயே செய்தாக வேண்டுமென்றால், முதலில் அடியில் தாங்குகோபுரம் கொடுத்து அமுக்கத்தை எடுத்துவிட வேண்டும். போல்ட் அதற்குப் பிறகு.

கப்பலின் உடலும் பெட்டி கர்டர்தான். சரக்குக்காக மேல்பக்கம் அகலமாகத் திறந்திருக்கும் கன்டெய்னர் கப்பலில், அலையின் முகடு நடுவயிற்றில் வரும்போது இரு முனையும் தொங்கும். அமுக்கம் அடித்தகட்டுக்குப் போகும். கீழிருந்து கடல்நீரின் அழுத்தமும் அதே தகட்டை உள்ளே தள்ளும். 2013 ஜூன் 17 அன்று இந்தியப் பெருங்கடலில் இரண்டாக முறிந்த எம்ஓஎல் கம்ஃபர்ட் கப்பலின் முறிவை ஆராய்ந்தவர்கள், நடுக்கப்பலின் அடித்தகட்டு நெளிவில்தான் போய் நின்றார்கள்.