அடுக்கில் எக்ஸ் வந்தால்: லாக் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அடுக்குச் சமன்பாட்டைப் பார்த்ததுமே இரண்டு பக்கமும் லாக் (மடக்கை, அதாவது ஓர் எண் 10-இன் எத்தனையாவது அடுக்கு என்பது) எடுக்கப் பலருக்குக் கை பரபரக்கும். நான் பிளஸ் ஒன் படித்தபோதும் சரி, பிறகு ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் சரி, மடக்கை விதிகளைத் தலைகீழாக ஒப்பிப்பவர்கள்கூட மார்க்கை விடுவது இந்த அவசரத்தில்தான்.

முதலில் அடிமானத்தை, அதாவது அடுக்கைத் தாங்கி நிற்கும் எண்ணைப் பாருங்கள். 4^எக்ஸ் = 8 என்றால் லாக் எதற்கு? (^ என்பதை அடுக்குக் குறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.) இரண்டையும் 2-இன் அடுக்காக எழுதினால் 2 எக்ஸ் = 3, எக்ஸ் = 1.5. வேலை முடிந்தது.

3^எக்ஸ் = 20 இப்படி மசியாது. லாக் எடுக்கும் முன் ஓரத்தில் ஒரு கணிப்பு எழுதுங்கள்: 3-இன் வர்க்கம் 9, கனம் 27. ஆக விடை 2-க்கும் 3-க்கும் நடுவே. இப்போது எக்ஸ் × லாக் 3 = லாக் 20. அதாவது 1.3010 ÷ 0.4771, ஏறக்குறைய 2.727. இந்த இடத்தில் வகுப்பதற்குப் பதில் கழித்துவிடுபவர்கள் ஏராளம். கழித்தால் 0.8239 வரும், ஓரத்தில் எழுதிய கணிப்பு அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

5 × 2^எக்ஸ் = 60 என்று வந்தால் 5-ஐயும் 2-ஐயும் பெருக்கி 10^எக்ஸ் ஆக்கக் கூடாது. அடுக்கு 2-க்கு மட்டும்தான். 5-ஆல் வகுத்து 2^எக்ஸ் = 12 ஆக்கிய பிறகு லாக் எடுங்கள்.

அதிகம் பேர் தடுமாறுவது கூட்டலும் கழித்தலும் வரும் கணக்கில். 4^எக்ஸ் − 2^எக்ஸ் = 6 என்பதில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக லாக் போட எந்த விதியும் இல்லை. 2^எக்ஸ் = ஒய் என்று வைத்தால் ஒய்² − ஒய் − 6 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். ஒய் = 3 அல்லது −2. 2-இன் எந்த மெய்யெண் அடுக்கும் எதிர்ம எண்ணாகாது, அதனால் −2 வேண்டாம். காரணத்தையும் விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பேசாமல் அடித்துவிட்டுப் போகாதீர்கள். மிச்சம் 2^எக்ஸ் = 3. எக்ஸ் = 0.4771 ÷ 0.3010, சுமார் 1.585.

2^(எக்ஸ்+1) = 3^(எக்ஸ்−1) மாதிரி இரண்டு அடிமானம் வந்தால் அடைப்புக்குறியை மறக்காதீர்கள், அவ்வளவுதான். விரித்து எக்ஸ் உறுப்புகளை ஒரு பக்கம் சேர்த்தால் லாக் 6 ÷ லாக் 1.5, சுமார் 4.419.

லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771, லாக் 7 = 0.8451. இந்த மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். லாக் 5 தனியாக வேண்டாம், 1-இலிருந்து லாக் 2-ஐக் கழித்தால் 0.6990.

கூட்டு வட்டிக் கணக்கும் இதே வகைதான். ஆண்டுக்கு 8 சதவீதத்தில் பணம் எப்போது இரட்டிப்பாகும்? 1.08^எக்ஸ் = 2. 0.3010 ÷ 0.0334, ஏறக்குறைய 9 ஆண்டுகள். நடுவில் 0.0334-ஐ 0.03 என்று சுருக்கினால் விடை 10-க்குப் போய்விடும். வகுத்து முடிக்கும்வரை நான்கு தசம இடங்களையும் விடாதீர்கள்.