மெய்ப்புக்காரியின் நாட்குறிப்பு, 2021

பிப்ரவரி 27, சனி

சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம். பொங்கலை ஒட்டி வரவேண்டிய புத்தகக் காட்சி, கொரோனாவால் தள்ளிப்போய் 24ஆம் தேதிதான் திறந்தது. மார்ச் 9 வரை இருக்குமாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்ப்பது, கையுறை போட்டுக்கொண்டு சோறு பிசைகிற மாதிரி.

மதுரையிலிருந்து நான் வந்தது புத்தகம் வாங்க மட்டுமில்லை. பழைய பாக்கியை வாங்கவும்தான். பதிப்பாளர் பாதியைக் கையில் வைத்தார். மீதிக்குப் பதிலாகப் பிழை திருத்த ஒரு ப்ரூஃப் கட்டு. "கரிசல்காட்டுப் பையன், முதல் நாவல். நீங்க சாத்தூர்க்காரங்கதான, உங்களுக்குத்தான் சரியா வரும்."

சாத்தூரை விட்டு முப்பது வருஷம் ஆகிறது. அதைச் சொல்லவில்லை.

மார்ச் 12, வெள்ளி

2020க்கான சாகித்திய அகாதெமி விருது இமையத்துக்கு, 'செல்லாத பணம்' நாவலுக்காக. தீக்காயப் பிரிவின் வாசலில் ஒரு குடும்பம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற கதை. இரண்டு வருஷம் முன்பு ஒரே மூச்சில் படிக்க முடியாமல் நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தது ஞாபகம் இருக்கிறது.

செய்தியைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தவர் க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன். 1994இல் 'கோவேறு கழுதைகள்' நாவலைப் போட்டு இமையத்தைக் கொண்டுவந்தவர் அவர். இதையும் போட்டது அவர்தான். போன நவம்பர் 17 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது. தற்காலத் தமிழ் அகராதியின் புதிய பதிப்பு வெளிவந்த கையோடு போய்விட்டார். நாலு மாதம். விருது இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம். விருதுகள் எப்போது சீக்கிரம் வந்திருக்கின்றன?

அந்த அகராதி என் மேசையில் வலது கைப்பக்கம் இருக்கிறது. ஒரு வார்த்தையில் சந்தேகம் வந்தால் அகராதியைத் தூக்குவேன். சந்தேகமே வராவிட்டால்தான் ஆபத்து என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் 28, ஞாயிறு

கரிசல் நாவல் முடிந்தது. பையன் நன்றாக எழுதுகிறான். ஆனால் ஒற்று என்று ஒன்று தமிழில் இருப்பதே அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. தட்டச்சுப் பிழைகளும் ஏராளம். 43ஆம் பக்கத்தில் கிழவி ஆட்டைக் கட்டாமல் வந்துவிட்டு, "அயத்துப்போச்சு" என்கிறாள். சிவப்புப் பேனாவால் சுழித்து "அசந்துபோச்சு" ஆக்கினேன். நாளைக் காலை கூரியரில் போடவேண்டும்.

ஏப்ரல் 21, புதன்

வங்கக் கவி சங்கா கோஷ் மறைவு. கொரோனா. தினமும் யாராவது ஒருவர் என்று ஆகிவிட்டது. எழுத வேலையும் இல்லை, மனசும் இல்லை.

மே 19, புதன்

முந்தாநாள் இரவு கரிசல் எழுத்தாளர் கி.ரா., கி. ராஜநாராயணன், புதுச்சேரியில் போய்விட்டார்.

நூறைத் தொட்டுவிடுவார் என்றே இருந்தேன். உடலை அவருடைய சொந்த ஊரான இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. கோவில்பட்டியில் சிலை வைக்கப்போவதாக முதல்வர் அறிவித்திருக்கிறார். 10ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. இங்கிருந்து நாலுவழிச் சாலையில் இரண்டு மணி நேரம்கூட ஆகாத ஊர். போக முடியவில்லை. தொலைக்காட்சியில் ஓசை எழுப்பித் துப்பாக்கி வணக்கம் செலுத்துகிறார்கள். மழைக்குப் பள்ளிக்கூடம் ஒதுங்கி, அங்கேயும் மழையை வேடிக்கை பார்த்ததாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட மனுஷர். இந்த வெடிச்சத்தத்துக்கும் ஒரு கதை வைத்திருப்பார்.

'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யை அலமாரியிலிருந்து எடுத்தேன். 1982இல் வந்தது. பல்கலைக்கழகங்கள் ஆள் பலத்தோடு செய்யவேண்டிய காரியத்தை, ஒரு சம்சாரி (எங்கள் பக்கம் விவசாயிக்கு அப்படித்தான் பெயர்) நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு செய்து முடித்தார். ஊரில் ஒருத்தர் வாயில் இருந்து விழுகிற சொல்லை அப்படியே துண்டில் ஏந்திக்கொள்கிற மாதிரி. புரட்டிக்கொண்டே இருந்தேன்.

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற வாடை. ஓடினால், அம்மா கரித்துணியோடு நிற்கிறாள்.

"டிவியப் பாத்துக்கிட்டே இருந்தனா, பால் வச்சத அயத்துட்டேன் புள்ள."

எனக்குக் கை கால் ஓடவில்லை. அயத்துட்டேன். மறந்துட்டேன். சின்ன வயதில் ஒரு நாளைக்குப் பத்து தடவை காதில் விழுந்த சொல். தூங்கிவழிவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 43ஆம் பக்கத்துக் கிழவி ஆட்டைக் கட்ட மறந்தாள். நான் அவளைத் தூங்க வைத்துவிட்டேன், அதுவும் கி.ரா.வின் அகராதி எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது.

மே 20, வியாழன்

பதிப்பாளருக்கு போன். ஊரடங்குக்கு முன்பே நாலு ஃபாரம் அடித்தாயிற்றாம், பைண்டிங்தான் பாக்கி. ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், 43ஆம் பக்கம் மூன்றாவது ஃபாரத்தில் இருக்கிறது. "ஒரு வார்த்தைக்காக ஒரு ஃபாரத்தைத் தூக்கிப்போட முடியுமா? பேப்பர் விக்கிற விலையில?" என்றார். முடியாதுதான்.

பையனுக்குப் பேசினேன். திட்டுவான் என்று பார்த்தால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எங்க ஊர்ல படிச்சுட்டு, கெழவி ஏன்டா பட்டப்பகல்ல தூங்குச்சுன்னு கேப்பாகளேக்கா" என்றான்.

ஜூன் 3, வியாழன்

கலைஞர் பிறந்தநாள் அறிவிப்புகள். மதுரையில் ஒரு பெரிய நூலகம், எழுத்தாளர்களுக்கு 'இலக்கிய மாமணி' விருது, பெரிய விருது வாங்கியவர்களுக்குக் கனவு இல்லம். நூலகம் வரட்டும், அது எல்லாருக்கும். வீடு கொடுப்பதும் நல்லதுதான். மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று யாராவது ஒரு விலை நிர்ணயித்தால் அதுவே எங்களுக்கு மாமணி.

ஜூன் 12, சனி

கன்னடக் கவிஞர் சித்தலிங்கையா நேற்று. இதுவும் கொரோனா.

ஜூலை 25, ஞாயிறு

தமிழறிஞர் இரா. இளங்குமரனார் மறைந்தார். இங்கே திருநகரில்தான் இருந்தார். தேவநேயப் பாவாணரின் ஆய்வுகளை எல்லாம் 'தேவநேயம்' என்று தொகுதி தொகுதியாகத் தொகுத்தவர். அல்லூரில் திருவள்ளுவர் தவச்சாலை கண்டவர். தமிழில் திருமணம் நடத்திவைப்பார். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன், ஒரு வடசொல் தவறி விழவில்லை.

கி.ரா.வும் இவரும் தமிழை இரண்டு பக்கமாக இழுத்தவர்கள் என்று தோன்றும். ஒருவர் வாய் பேசுகிறபடி, இன்னொருவர் வேர் சொல்கிறபடி. ஆனால் என் மாதிரி நடுவில் நின்றுகொண்டு பத்திரிகைத் தமிழை அளவுகோலாக வைத்திருக்கிறவர்களை இரண்டு பேருக்குமே பிடித்திருக்காது.

செப்டம்பர் 17, வெள்ளி

கவிஞர் பிரான்சிஸ் கிருபா நேற்று சென்னையில் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 8ஆம் தேதிதான் பாடலாசிரியர் புலமைப்பித்தன் போனார். நேற்று கி.ரா.வின் பிறந்தநாள் வேறு.

கிருபாவின் 'கன்னி' நாவலை இரவு எடுத்து உட்கார்ந்தேன். கடலும் தேவாலயமும் காதலும் ஒருவன் மூளைக்குள் கலங்கி அலையடிக்கிற உரைநடை. பழக்கதோஷத்தில் பேனா கையில் இருந்தது. இருபது பக்கம் போனதும் மூடி போட்டு வைத்தேன். இவ்வளவு கொட்டிக்கொடுத்த ஆளுக்குப் பதிலாக நாம் கொடுத்தது என்ன என்று இன்றைக்கு எல்லாரும் எழுதுகிறார்கள். போன மாதம் எழுதியிருக்கலாம். நானும்தான்.

அக்டோபர் 8, வெள்ளி

நேற்று நொபேல், அப்துல்ரசாக் குர்னாவுக்கு. சான்சிபாரில் பிறந்து இளம்வயதில் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனவர். சுவாகிலி தாய்மொழி, எழுதுவது ஆங்கிலத்தில். ஒரு வரிகூட நான் படித்ததில்லை. இன்று காலை மட்டும் குர்னா, குர்ணா, குர்நா என்று மூன்று விதமாகத் தமிழில் பார்த்துவிட்டேன். ஒரு பத்திரிகைக்காரத் தம்பி எது சரி என்று கேட்டான். "முதலாவது. மத்ததுக்கு அவரையே கேளு" என்றேன்.

நவம்பர் 14, ஞாயிறு

நாவல் வந்துவிட்டது. எனக்கு ஐந்து பிரதி, பாக்கிப் பணத்தில் கழித்துக்கொள்வார்களோ என்னவோ. அட்டை பரவாயில்லை. நேராக 43ஆம் பக்கம். கிழவி தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

கறுப்பு மையால் ச-வை ய ஆக்கினேன். சரியாகப் பொருந்தவில்லை, கொஞ்சம் குண்டாக நிற்கிறது. ந்-ஐ த் ஆக்குவது அதைவிடச் சிரமம். அடித்துவிட்டு மேலே எழுதவேண்டியதாயிற்று. ஐந்திலும் செய்து முடித்தபோது அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "இதுக்கா மூணு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" ஆறு மாசம் என்று சொன்னேன்.

பையனிடம் சொன்னபோது சிரித்தான். ஊரில் விற்கிற ஒவ்வொரு பிரதியிலும் அவனும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறானாம். "என் கையெழுத்து அங்கதான்க்கா, முதல் பக்கத்துல போடுறதில்ல."

டிசம்பர் 30, வியாழன்

அம்பை! ஒரே வருஷத்தில் தமிழுக்கு இரண்டு அகாதெமி அறிவிப்பு, மார்ச்சில் போன வருஷத்துக்கானது, இன்று இந்த வருஷத்துக்கானது. ராஜம் கிருஷ்ணன், லக்ஷ்மி, திலகவதி, இப்போது அம்பை. 1955இலிருந்து கணக்குப் பார்த்தால் தமிழில் நாலே நாலு பெண்கள். 'சிறகுகள் முறியும்' வந்தது 1976இல். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை நான் படித்தது கல்யாணமான புதிதில், சமையலறையில் நின்றுகொண்டே. பம்பாயில் பெண்களின் கதைகளையும் குரல்களையும் சேர்த்துவைக்க ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தை 1988இல் தொடங்கி இன்றுவரை நடத்துகிறார். விருது அவரைத் தேடி வர இத்தனை காலம் ஆனதற்கு அவர் பொறுப்பில்லை.

இரவு ஒரு சேனலில் ஓடும் எழுத்தில், விருது வாங்கிய தொகுப்பின் பெயர் 'சிவப்பு கழுத்துடன் ஒரு பச்சை பறவை' என்று போகிறது. க்-கும் இல்லை, ப்-பும் இல்லை. தலைப்பில் இருக்கிறதே இரண்டு ஒற்று, அதையும் பறித்துக்கொண்டார்கள். கை தானாகப் பேனாவைத் தேடியது.

"டிவி மேலயே எழுதப் போறியாக்கும்?" என்றாள் அம்மா.

அலமாரியில் அந்த ஐந்தில் மிச்சமிருக்கிற மூன்று பிரதிகள் தெரிந்தன. சேனலை மாற்றிவிட்டேன்.